ரோட்டவேட்டர் ஓட்டினால் டிராக்டர் சூடாகிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: கதிரடிப்பு முடிந்து இப்போது ரோட்டவேட்டர் ஓட்டுகிறேன். அரை மணி நேரத்திலேயே வெப்ப முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. சும்மா சாலையில் ஓட்டினால் சூடாவதில்லை. ரேடியேட்டரின் முன்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியும் பலனில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை போர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: பிரிக்கும் பேச்சே இப்போது வேண்டாம். கதிரடிப்புக்குப் பிறகு தொடங்கியது, சுமை ஏறினால்தான் சூடாகிறது என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ரேடியேட்டர் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நீங்கள் கழுவியது வீண்போனதற்குக் காரணம் கழுவிய திசை. டிராக்டரின் ஃபேன் பொதுவாக முன்னாலிருந்து காற்றை இழுத்து இன்ஜின் பக்கம் தள்ளும். அந்தக் காற்றோடு வந்த உமியும் பதரும் ரேடியேட்டர் தகடுகளின் முன்பக்கம் அப்பிக்கொள்கின்றன. முன்னாலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சினால் மேலே இருப்பது மட்டும் உதிரும், மீதி இன்னும் உள்ளே போய்ச் சேறாக இறுகிவிடும். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும், காற்று மட்டும் போகாது.

இருட்டிய பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஃபேன் பக்கம் ஒரு டார்ச் விளக்கைப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகப் பரவலாகத் தெரிய வேண்டும். கறுப்பாகத் தெரியும் இடமெல்லாம் அடைப்பு.

சுத்தம் செய்ய, முன்னால் உள்ள சல்லடையைக் கழற்றி உதறுங்கள். ஆயில் கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்தால் அதையும் நகர்த்திக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவில்தான் வைக்கோல் தூசு மெத்தை மாதிரி தங்கியிருக்கும். ஈரம் படுவதற்கு முன்பே ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கம்ப்ரசர் காற்றை அடியுங்கள். அப்புறம் அதே திசையில் சாதாரண ஹோஸ் பைப் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வாகனம் கழுவும் அழுத்தப் பம்பை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தகடுகள் காகிதம்போல மெல்லியவை, ஒருமுறை மடங்கிச் சாய்ந்தால் காற்றுவழி மூடிக்கொள்ளும். காற்றையும் தண்ணீரையும் தகட்டுக்கு நேராகப் பிடியுங்கள், சாய்த்து அடிக்க வேண்டாம்.

இனி உள்பக்கம். போர் தண்ணீரின் உப்பு, வெந்நீர்ப் பானையில் வெள்ளையாகப் படிவது போலவே ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். அந்தப் படிவம் வெப்பத்தை வெளியே விடாது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பழைய தண்ணீரை வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பிக் கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடி ஆறவிட்டு வடியுங்கள். துருநிறம் போய்த் தெளிவாக வரும்வரை இப்படிச் செய்யுங்கள். பிறகு கூலண்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றலாம். கலந்தே விற்கும் கூலண்டும் உண்டு, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். வடித்த கூலண்டை வாய்க்காலிலோ தொழுவத்தின் பக்கமோ கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் மாடும் நாயும் நக்கும். அது கொல்லும் விஷம்.

முள் சிவப்பில் இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பாயும். சுமையை எடுத்துவிட்டு, ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல், சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) விரிசல் விடலாம்.

இன்ஜின் நின்றிருக்கும்போதே ஃபேன் பெல்ட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் முறுக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தண்ணீர் குறைந்தால் ஹோஸ் இணைப்புகள், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் ஆகியவற்றில் கசிவு தேடுங்கள். எங்கும் கசிவு இல்லை என்றால், காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் குமிழிகள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அதுவரை ரோட்டவேட்டரை மாட்ட வேண்டாம்.