வெடிக்காத பிரைமரைத் தோட்டா உறையிலிருந்து பாதுகாப்பாக எடுக்க முடியுமா?

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். ரீலோடிங், அதாவது சுட்டு முடித்த உறையை மறுபடி நிரப்பித் தோட்டா ஆக்குவது, பழகும்போது நாலைந்து பிரைமர்கள் (உறையின் அடியில் உட்கார்ந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம் போன்ற பாகம்) தலைகீழாக உட்கார்ந்துவிட்டனவாம். எடுக்கலாம். நான் அங்கே இருந்த ஆறு வருடத்தில் பலமுறை எடுத்திருக்கிறேன்.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்று வேலைக்காரர்களும் குவாரிக்காரர்களும் டெட்டனேட்டரைக் ‘கேப்பு’ என்பார்கள். வெடிக்காமல் கிடந்த கேப்பு ஒன்றை ஆணியால் நோண்டி இரண்டு விரலைப் பறிகொடுத்தவர் என் பெரியப்பா. அந்தக் கையைப் பார்த்தே வளர்ந்ததால் எனக்கு இந்த விஷயத்தில் பயம் கொஞ்சம் அதிகம். பிரைமர் அதைவிட ரொம்பச் சின்னது, பெரிய ரைபிள் பிரைமரே 5.3 மில்லிமீட்டர்தான். ஆனாலும் கண்ணைக் கெடுக்க அது போதும்.

பட்டென்று விழும் அடிதான் பிரைமரை வெடிக்க வைக்கிறது. துப்பாக்கி ஊசி செய்வதும் அதைத்தான். அதனால் சுத்தியலால் தட்டும் கைக்கருவி கூடவே கூடாது. மேசையில் பொருத்திய பிரஸ்ஸில் (கைப்பிடியால் அழுத்தும் கருவி) டீகேப்பிங் டை, அதாவது ஊசியால் பிரைமரை வெளியே தள்ளும் அச்சு, போட்டு, கைப்பிடியை வெண்ணெய் வெட்டுவதுபோல மெதுவாக இறக்குங்கள். இறுக்கமாக இருந்தால் எம்பித் தள்ளாதீர்கள், நிறுத்திவிடுங்கள். கண்ணாடியும் காது மூடியும் கட்டாயம். பிரைமர் விழும் குழாயை முதலில் காலி செய்யுங்கள். ஒன்று வெடித்தால் பக்கத்தில் கிடப்பதும் வெடிக்கலாம். முகத்தை அந்த நேர்க்கோட்டில் வைக்க வேண்டாம். மருந்து நிரப்பிய தோட்டா என்றால் குண்டைக் கழற்றி மருந்தைக் கொட்டிய பிறகுதான் இதெல்லாம்.

அடிப்பக்கத்தின் நடுவில் ஒரே துளை இருக்கும் பாக்ஸர் வகை உறைக்குத்தான் இது சரிவரும். பெர்டன் என்ற இன்னொரு வகை உறையில் இரண்டு சின்னத் துளைகள் ஓரமாக இருக்கும், ஊசி உள்ளே போகாது. அதைத் தொடாதீர்கள். பிரைமர் நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்றால் எடுப்பானேன்? அந்த உறையையே நிரப்பிவிடலாம்.

எண்ணெயில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நான் இரண்டு நாள் ஊறப்போட்ட ஒன்று பிறகு நன்றாகவே வெடித்தது.

அப்புறம், இங்கே ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம், அதன் பாகங்களும் தோட்டாக் கணக்கில்தான் வரும். பரணில் தாத்தா காலத்துத் தோட்டா கிடைத்தால் நோண்டாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.