இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தில் நடக்கும் பிபிசியின் நகைச்சுவைத் தொடர் 'டாட்ஸ் ஆர்மி'. அதன் நாயகன் கேப்டன் மேனரிங் அவ்வளவு தற்பெருமைக்காரராக இருந்தும் பார்ப்பவர்களுக்கு ஏன் பிடித்துப்போகிறது?

அவர் வாய்ச்சொல் வீரர் இல்லை என்பதால்தான். தற்பெருமை பேசுகிற ஆசாமியை வைத்து நகைச்சுவை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒன்று செய்வார்கள்: ஆபத்து வந்ததும் அவனைக் கட்டிலுக்கடியில் ஒளியவைப்பார்கள். மேனரிங் ஒளிவதே இல்லை. அவருடைய அதிகாரத் தோரணையைப் பார்த்துச் சிரிக்கலாம், அற்பத்தனத்தைப் பார்த்து முகம் சுளிக்கலாம். ஆனால் ஜெர்மானியர்கள் உண்மையிலேயே கடற்கரையில் வந்து இறங்கியிருந்தால் அந்தக் குட்டையான, கண்ணாடி போட்ட, வழுக்கைத்தலை மனிதர்தான் முதல் ஆளாக நின்றிருப்பார். அதில் நமக்குத் துளியும் சந்தேகம் வருவதில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1968 ஜூலையிலிருந்து 1977 நவம்பர் வரை பிபிசியில் 80 அத்தியாயங்கள் வந்தன. எழுதியவர்கள் ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும். 1940 மே 14 அன்று போர்த்துறை அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் ஓர் அழைப்பு விடுத்தார். பாராசூட்டில் குதிக்கும் எதிரிகளைத் தடுக்க, ராணுவத்தில் இல்லாத 17 முதல் 65 வயது வரையிலான ஆண்கள் உள்ளூர்க் காவல் படையில் சேரலாம் என்றார். லட்சக்கணக்கில் வந்து குவிந்தார்கள். கொடுக்கத் துப்பாக்கி இல்லை. விளக்குமாற்றுக் கழியைத் தோளில் வைத்துப் பயிற்சி செய்தார்கள். சர்ச்சில் அதற்கு 'ஹோம் கார்டு' என்று பெயர் மாற்றினார். அப்படி ஒரு படையின் கதைதான் இந்தத் தொடர். பெர்ரியே பதின்வயதில் வாட்ஃபோர்டு நகரின் அந்தப் படையில் இருந்தவர். குளிருக்குக் கழுத்துத் துண்டு கட்டிவிட்டுப் பையனைப் போருக்கு அனுப்பும் அம்மாவும், அவளுடைய மகன் பைக்கும் அவர் வீட்டிலிருந்து வந்தவர்கள்தாம்.

வால்மிங்டன்-ஆன்-சீ என்ற கற்பனைக் கடலோர ஊரில் மேனரிங் வங்கி மேனேஜர். அவருடைய ஹெட் கிளார்க் வில்சன். அழைப்பு வந்ததும் யாரும் நியமிக்காமலேயே மேனரிங் தன்னைக் கேப்டன் ஆக்கிக்கொள்கிறார். வில்சன் சார்ஜென்ட். வங்கியில் இருந்த வரிசை அப்படியே படைக்கும் வந்துவிடுகிறது. நானும் பல வருடம் வங்கிக் கிளைகளில் குப்பை கொட்டியவன் என்பதால் இந்த ஏற்பாட்டின் நுட்பம் எனக்கு உடனே பிடிபட்டது. மேனேஜர் அறைக் கதவு எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதைப் பார்த்தே அன்றைய வானிலையைக் கணிக்கிற கூட்டம் நாங்கள்.

ஆனால் விஷயம் பதவியோடு முடியவில்லை. மேனரிங் சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். வில்சன் மேட்டுக்குடி, பெரிய இடத்துப் பள்ளியில் படித்தவர், நிற்பதிலும் பேசுவதிலும் அலட்டிக்கொள்ளாத ஒரு நளினம். மேனரிங் கத்திக் கத்தி வாங்கவேண்டிய மரியாதை வில்சனுக்குச் சும்மா வந்து சேர்கிறது. மேனரிங் ஒரு திட்டத்தைச் சொன்னதும், "அது உசிதம்தானா, சார்?" என்று மெல்லிய குரலில் கேட்பார் பாருங்கள், அந்த ஒரு கேள்வியில் முந்நூறு வருடத்து வர்க்க ஆணவம் இருக்கிறது. நிஜத்தில் கதை தலைகீழ். வில்சனாக நடித்த ஜான் லெ மெஷரர் இரண்டாம் உலகப் போரில் கேப்டன். அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பணியாற்றியவர். மேனரிங்காக நடித்த ஆர்தர் லோ சார்ஜென்ட் மேஜர்.

மேனரிங்கின் அற்பத்தனத்தை எழுத்தாளர்கள் பூசி மெழுகவில்லை. வில்சனுக்குப் பக்கத்து ஊர்க் கிளையில் மேனேஜர் பதவி கிடைக்கும்போது மனிதர் வயிறெரிகிறார். (அந்தக் கிளை மீது குண்டு விழுந்து வில்சன் திரும்பி வந்துவிடுவார்.) வில்சனின் உறவினர் ஒருவர் இறந்ததில் அவர் பெயருக்கு முன்னால் ஒரு கௌரவப் பட்டம் ஒட்டிக்கொள்கிறது. மேனரிங் வருடக்கணக்காகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த கோல்ஃப் கிளப் உடனே வில்சனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது. அப்போது லோவின் முகத்தைப் பார்க்கவேண்டும். 1975 கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் அவருடைய குடிகாரச் சகோதரன் வந்து சேர்கிறான். இரண்டு வேடமும் லோதான். தன் குடும்பத்தைப் பற்றி மேனரிங் இத்தனை காலம் அளந்த பெருமையெல்லாம் சகோதரன் வாய் திறந்ததும் பொலபொலவென்று உதிர்கிறது.

இப்போது மறுபக்கம். வெடிக்காத குண்டு ஒன்று வங்கியின் கூரையைத் துளைத்துக்கொண்டு வந்து பெட்டக அறையில் மேனரிங், வில்சன் இருவர் மடியிலும் விழுகிறது. அசைந்தால் வெடிக்கும். இருவரும் அதைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பதற்றத்தில் அலறவேண்டிய இடத்தில் மேனரிங்குக்குக் கவலையெல்லாம் ஒழுங்கைப் பற்றித்தான்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் நீர்மூழ்கிக் கப்பல் அத்தியாயத்தையும் விட்டுவிட முடியாது. 1973இல் வந்தது. பிடிபட்ட ஜெர்மன் கப்பல் தலைவன், போரில் வென்றபின் கணக்குத் தீர்ப்பதற்காகத் தன்னை அவமதித்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டே வருகிறான். பைக் ஹிட்லரைக் கிண்டலடித்துப் பாடுகிறான். "உன் பெயர் என்ன?" என்று கப்பல் தலைவன் கேட்க, மேனரிங் பாய்ந்து தடுக்கிறார்: "சொல்லாதே, பைக்!" இந்த நகைச்சுவைக்காகவே அந்த அத்தியாயத்தைப் புகழ்கிறார்கள். எனக்குப் பிடித்தது முடிவு. பிடிபட்டவன் இவர்களையே பிணையாக்கி, கிழட்டுக் கார்ப்பரல் ஜோன்ஸின் உடைக்குள் கையெறி குண்டைச் செருகிவிடுகிறான். வில்சன் குண்டுகளில் போலி வெடிமுனைகளையே பொருத்தியிருந்ததால்தான் எல்லோரும் பிழைக்கிறார்கள். கேப்டனின் வீரத்துக்கும் சார்ஜென்டின் சோம்பலான எச்சரிக்கைக்கும் நடுவில்தான் அந்தப் படையே உயிர் வாழ்கிறது.

என்னைக் கேட்டால் மேனரிங்கை முழுதாகப் புரிந்துகொள்ள 1969இல் வந்த 'பிராண்டட்' அத்தியாயத்தைப் பார்க்கவேண்டும். படையில் இருக்கும் சாதுவான காட்ஃப்ரே தாத்தா, முதல் உலகப் போரில் தான் ஆயுதம் தொட மறுத்தவன் என்று ஒப்புக்கொள்கிறார். உடனே மொத்தப் படையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. முன்னால் நிற்பவர் மேனரிங். பிறகு ஒரு புகைப் பயிற்சியில் மேனரிங் மயங்கி விழ, உள்ளே போய் இழுத்து வருபவர் காட்ஃப்ரேதான். நோயுற்றுப் படுத்திருக்கும் காட்ஃப்ரேயைப் பார்க்கப் போகும்போது சுவரில் ஒரு புகைப்படம், மார்பில் பதக்கம். முதல் உலகப் போரில், பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்கி, குண்டு மழைக்கு நடுவே காயம்பட்டவர்களைக் காப்பாற்றியதற்காகக் கொடுத்தது. ஏன் அணிவதில்லை என்றால் கொஞ்சம் பகட்டாகத் தெரியுமே என்று கூச்சப்படுகிறார். மேனரிங் தன் தவறை ஒளிக்காமல் ஏற்கிறார். அதை எந்த அலங்காரமும் இல்லாமல் லோ நடித்திருப்பார். காட்ஃப்ரேயாக நடித்த ஆர்னால்ட் ரிட்லி 1916இல் அதே சோம் போர்க்களத்தில் சண்டையிட்டு இடது கை சேதமானவர். தொடர் தொடங்கியபோது அவருக்கு 72 வயது.

எல்லாமே பொன் என்று சொல்லமாட்டேன். வாக்கராக நடித்த ஜேம்ஸ் பெக் 1973இல் இறந்தபின் அந்தக் கள்ளச்சந்தைக்காரன் இடம் காலியாகவே இருந்தது. பிற்பகுதியில் ஓட்டமும் துரத்தலும் அதிகம். விமானத் தாக்குதல் பாதுகாப்பைக் கவனிக்கும் வார்டன் ஹாட்ஜஸின் கத்தல் எனக்குச் சலித்துவிட்டது. 2016இல் வந்த திரைப்படத்தில் நல்ல நடிகர்கள் இருந்தும் ஒட்டவில்லை.

புதிதாகப் பார்க்கிறவர்கள் முதல் இரண்டு பருவங்களில் தொடங்கவேண்டியதில்லை. அவை கறுப்பு வெள்ளை. இரண்டாம் பருவத்தில் மூன்று அத்தியாயங்கள் தொலைந்தே போய்விட்டன. வண்ணத்துக்கு மாறிய மூன்றாம் பருவத்திலிருந்து பாருங்கள். வெடிகுண்டு அத்தியாயம், 'பிராண்டட்' இரண்டுமே அதில்தான் இருக்கின்றன.