புயல் ரேடியோ: கடற்கரை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளின் ரகமே மாறிவிடும். செட்டாப் பாக்ஸ், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் ஓரமாகப் போய், ரேடியோவைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரையிலிருந்து வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடிய சிலவற்றை எடுத்திருக்கிறேன். கேட்டவர்களின் பேச்சை நான் அதிகம் திருத்தவில்லை.

"மச்சினன் நியூஜெர்சியிலேர்ந்து ஒரு வெதர் அலர்ட் ரேடியோ கொண்டாந்தான். புயல் வந்தா தானா அலறுமாம். ஏழு சேனலையும் மாத்தி மாத்திப் பாக்குறேன், இரைச்சல்தான் வருது. செட்டு கெட்டுப்போச்சா சார்?" (மண்டபம்)

செட் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குப் பேச்சுக் கொடுக்கும் நிலையம்தான் இங்கே இல்லை.

அமெரிக்காவில் 'நோவா' என்கிற அரசு அமைப்பு வானிலைக்கென்றே 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளை வைத்திருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்கள் இரவு பகலாக அதில் ஓடுகின்றன. ஆபத்து என்றால் முதலில் எந்தப் பகுதிக்கு என்ற குறியீடு போகும், அடுத்து 1050 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலி. சத்தமில்லாமல் காத்திருக்கும் செட் அதைக் கேட்டதும் விழித்துக் கூவும். இந்தியாவில் இப்படி வானிலைக்கென்று தனி ஒலிபரப்பு கிடையாது. அதனால் அந்த ஏழு சேனலிலும் ஆயுளுக்கும் இரைச்சல்தான்.

அதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். ஏஎம், எஃப்எம் இருந்தால் சாதாரண ரேடியோவாக உழைக்கும். மூன்று விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடாப்டரின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். '100–240' என்றிருந்தால் கவலையில்லை. வெறும் '120' என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகிய கையோடு புகைந்துவிடும். பேட்டரிக் கட்டையிலேயே ஓட்டுங்கள்.

அடுத்து ஏஎம், அதாவது மீடியம் வேவ். நம் மீடியம் வேவ் நிலையங்கள் 9-ன் மடங்கில் அமைந்தவை: சென்னை 720, திருச்சி 936. அமெரிக்க டிஜிட்டல் செட் பத்துப் பத்தாகத் தாவும். 930-ல் நிற்கும், 940-ல் நிற்கும், திருச்சியைத் தாண்டிப் போய்விடும். எஃப்எம்மிலும் இதே கதை: அங்கே 90.3, 90.5 என்று ஒற்றைப்படையில்தான் நிலையங்கள். அதற்கென்றே செய்த சில செட்டுகள் 90.4-ல் நிற்கவே மாட்டா. நிறைய மாடல்களில் '9 கிலோஹெர்ட்ஸ் / 10 கிலோஹெர்ட்ஸ்' என்று மாற்றிக்கொள்ள வழி இருக்கும். செட்டுடன் வந்த தாளில் தேடுங்கள். இல்லையென்றால், முள்ளைத் திருகும் பழைய ரக ரேடியோ உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா பாருங்கள். அதற்கு 9 தெரியாது, 10-ம் தெரியாது. எங்கே திருகினாலும் நிற்கும்.

"அப்போ நாங்க எதை வாங்குறது? கையால சுத்துற ரேடியோ நல்லதுங்கிறாங்களே?" (தேவிப்பட்டினம்)

எஃப்எம்மும் மீடியம் வேவும் உள்ள, முள் வைத்த, பெரிய பேட்டரிக் கட்டையில் ஓடும் செட். என் ஓட்டு அதற்குத்தான். உள்ளூர்க் கடையில் கிடைக்கும், கட்டை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். உள்ளே பேட்டரி வைத்து சார்ஜர் ஒயரை நம்பி இருக்கும் செட், மூன்று நாள் கரண்ட் போனால் கையை விரித்துவிடும்.

கையால் சுற்றும் செட் கெடுதல் இல்லை. ஒரு நிமிடம் சுற்றினால் சில நிமிடம் பேசும். ஆனால் 'சுற்றினால் செல்போனும் சார்ஜ் ஆகும்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். தோள்பட்டை கழன்றாலும் ஒரு சதவீதம் ஏறுவது பெரும்பாடு.

"எங்க ஊர்ல கடல் ஓசை கணீர்னு கேக்குது. தொண்டியில தங்கச்சி வீட்டுக்குப் போனா சுத்தமா எடுக்கலையே அண்ணே?" (தங்கச்சிமடம்)

பாம்பன் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி. இந்த வகை நிலையங்களுக்கு அரசு அனுமதிக்கும் ஒலிபரப்புத் திறன் 100 வாட்தான். ராமேஸ்வரம் தீவுக்கும் மண்டபத்துக்கும் அது தாராளம். தொண்டி வடக்கே வெகுதூரம், அங்கே எதிர்பார்க்க முடியாது. தங்கச்சியை அகில இந்திய வானொலியில் எது தெளிவாகக் கிடைக்கிறதோ அதைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிலையத்தின் ஒலி எட்டும் எல்லையில் உள்ளவர்கள் ஒரு வேலை செய்து பார்க்கலாம். 75-ஐ அலைவரிசை எண்ணால் வகுத்தால், ஏரியலுக்கு வேண்டிய நீளம் மீட்டரில் கிடைக்கும். 90.4-க்கு 83 சென்டிமீட்டர். செட்டின் இழுப்புக் கம்பி பெரும்பாலும் அதைவிடக் குட்டை. அந்த நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பியை வெட்டி, இழுப்புக் கம்பியை உள்ளே தள்ளிவிட்டு அதன் நுனியில் கவ்வவிட்டு, ஜன்னலோரம் நிமிர்த்திக் கட்டுங்கள். தகரக் கூரைக்கு அடியில் இது ரொம்பவே கைகொடுக்கும். இடி இடிக்கும்போது கம்பியைக் கழற்றிவிட வேண்டும். வெளியே மாடிக்கு இழுத்துக் கட்டும் ஆசையே வேண்டாம்.

"போன வருசம் போன் திடீர்னு சைரன் மாதிரி கத்துச்சு. மாமியாருக்குப் படபடப்பு வந்துருச்சு. மகன் ஏதோ செட்டிங்க்ல போய் நிப்பாட்டிட்டான். பரவாயில்லையா?" (கீழக்கரை)

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். மறுபடி போடச் சொல்லுங்கள்.

மண்டபம் வாசகரின் அமெரிக்கச் செட் செய்யும் வேலையை நம் ஊரில் செய்வது இந்தச் சைரன்தான். செல் பிராட்காஸ்ட் என்பார்கள். 2023-ல் மாநிலம் மாநிலமாகச் சோதித்தார்கள். குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணாகப் போகும், நெரிசலில் மாட்டிக்கொள்ளும். இது டவரின் கீழ் உள்ள எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். எண்ணைப் பதிவு செய்ய வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்க்ஸுக்குள் 'பாதுகாப்பும் அவசரநிலையும்', அதற்குள் 'வயர்லெஸ் அவசர எச்சரிக்கைகள்' என்று இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். மேலே தேடும் கட்டத்தில் 'எச்சரிக்கை' என்று தட்டினால் சிக்கிவிடும். மாமியாருக்கு அந்த ஒலியை ஒருமுறை பகலில் போட்டுக் காட்டி, இது எதற்கு என்று சொல்லிவிட்டால் அடுத்த தடவை பதற மாட்டார். கூடவே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்', தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' இரண்டில் ஒன்றையாவது போனில் ஏற்றி வையுங்கள்.

போன் எழுப்பிவிடும், சரி. காற்றில் டவருக்குக் கரண்ட் போய், அதன் பேட்டரியும் இறங்கிய பிறகு? அங்கிருந்துதான் ரேடியோவின் வேலை தொடங்குகிறது. எழுப்புவதற்குப் போன், எழுந்த பிறகு நிலவரம் கேட்க ரேடியோ. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். உங்கள் ஊரில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் இருக்கிறது. ரேடியோவில் கேட்டதை அங்கே போய்ச் சொல்ல ஒரு ஆளை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"பாம்பன்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திருக்குன்னு சொல்றாங்க. டிவியில ஆரஞ்சு அலர்ட்ங்கிறாங்க. செய்தியில 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்'ங்கிறாங்க. இதுல எதை எடுத்துக்கிறது?" (ஏர்வாடி)

மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விக்குப் பதில். இதைக் குழப்பிக்கொண்டு ஒரு வீட்டில் ஆளுக்கொன்று பேசுவதை நான் நிறையவே கேட்டிருக்கிறேன்.

கூண்டு துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் உரியது. பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும், இரவில் விளக்கு. 1-ம் எண் என்றால் தூரத்தில் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, 2 என்றால் தூரத்தில் புயல். 3 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்றும் மழையும் வரப்போகின்றன, 4 என்றால் துறைமுகம் புயலின் பிடிக்குள் வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரிய அபாயம். இந்த இரண்டு வரிசையிலும் முதல் எண், புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கரை கடக்கும் என்பதற்கு, அடுத்தது வலப்பக்கம், கடைசி எண், துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில் என்பதற்கு. ஆகவே 5 ஏறி மறுநாள் 6 ஏறினால் புயல் வலுத்துவிட்டது என்று பொருளில்லை, பாதை மாறியிருக்கிறது. 11-ம் எண்தான் எல்லாவற்றிலும் எனக்கு உறைப்பது: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி உள்ளூர் அதிகாரி தன் கண்ணை நம்பித்தான் ஏற்ற வேண்டும்.

'தாழ்வு மண்டலம்', 'புயல்' எல்லாம் காற்றின் வேகத்துக்கு வைத்த பெயர்கள். மணிக்கு 31 கிலோமீட்டரில் தாழ்வு மண்டலம், 51-ல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 63-ல் புயல், 89-ல் தீவிரப் புயல், 118-ல் மிகத் தீவிரப் புயல் தொடங்குகிறது.

நிறம் உங்கள் மாவட்டத்துக்கு. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் இறங்கிச் செயல்படுங்கள். வீட்டில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மழை விஷயத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை.

'புயல் வலுவிழந்தது' என்று ரேடியோ சொன்னதும் செட்டை அணைத்துவிட்டுப் படுக்காதீர்கள். 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக இறங்கி, நம் மாவட்டக் கரையை ஒட்டியே நகராமல் நின்றது. பெயர் சிறுத்தது, மழை விடவில்லை. 2024 நவம்பர் 20-ல் புயலே கிடையாது. கூண்டை மட்டும் பார்த்திருந்தவர்களுக்கு அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது எங்கிருந்து வந்தது என்றே புரிந்திருக்காது.

"ராத்திரி முழுக்க ரேடியோவைப் போட்டே வைக்கணுமா? கட்டை தீந்துரும்ல?" (வாலிநோக்கம்)

வேண்டாம். செய்தியில் 'காலை 8.30 மணி நிலவரப்படி' என்று சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். புயல் காலத்தில் வானிலைத் துறை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கணிக்கிறது: 5.30, 8.30, 11.30, 2.30 என்று பகலிலும் இரவிலும் இதே வரிசை. கணித்து, எழுதி, வானொலிக்கு வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும். எனவே இந்த நேரங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வரும் செய்தியைக் கேளுங்கள், மற்ற நேரம் அணைத்து வையுங்கள். இரவு 10 மணிக்குக் கேட்கும் செய்தியில் இன்னும் 'காலை 8.30 நிலவரப்படி' என்றால் அது ஆறிப்போன சேதி. வேறு நிலையத்துக்குத் திருப்புங்கள். கரையைக் கடக்கும் வேளையில் மட்டும் மணிக்கொரு தரம் அறிவிப்பு வரும். அப்போது போட்டே வைக்கலாம், அதற்காகத்தானே கட்டையைச் சேமித்தோம்.

"இங்க இலங்கை ஸ்டேஷன்தான் துல்லியமா கேக்குது. அவங்க எச்சரிக்கை கொடுக்குறாங்க, நம்ம ஸ்டேஷன்ல ஒண்ணும் சொல்லலை. எது நெசம்?" (ராமேஸ்வரம்)

இரண்டும் நிஜம். அவர்கள் மன்னாருக்கும் காங்கேசன்துறைக்கும் சொல்கிறார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், அதனால் அவர்கள் சொல்வதை அலட்சியம் செய்யாதீர்கள். கிழக்கிலிருந்து வரும் புயல் முதலில் அவர்களைத்தான் தொடும். கடிகாரமும் ஒன்றே, 2006 முதல் அவர்கள் நேரமும் நம் நேரமும் சமம். ஆனால் படகை எடுப்பதா, முகாமுக்குப் போவதா என்பதை நம் வானிலைத் துறை, நம் கலெக்டர் அலுவலகம் சொல்வதை வைத்தே முடிவு செய்யுங்கள். சந்தேகமென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

தீவின் தென்கோடியில் இருப்பவர்களின் போனும் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் நம் நிறுவனத்தின் சைரன் வராது. நெட்வொர்க் தேர்வை 'தானாக' என்பதிலிருந்து எடுத்து, உங்கள் சிம் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

"சாயந்தரம் லைட்டைப் போட்டதும் மீடியம் வேவ்ல கர்ர்ர்னு ஒரே இரைச்சல்." (சாயல்குடி)

மலிவான எல்இடி பல்பு, இல்லையென்றால் இன்வெர்ட்டர். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், குற்றவாளி சிக்கிவிடும். மீடியம் வேவுக்கு ஏரியல் செட்டுக்குள்ளேயே கிடக்கிறது, வெளிக் கம்பியை இழுத்துப் பயனில்லை. செட்டையே மெதுவாகத் திருப்புங்கள், ஒரு திசையில் தெளியும்.

"நாட்டுப்படகுல தென்கடலுக்குப் போறோம். ரேடியோ போதுமா?" (மூக்கையூர்)

போதாது. கரையோரத்தில் எஃப்எம் எடுக்கும், உள்ளே போகப் போகக் குறையும். கரையோடு திரும்பிப் பேசவும் முடியாது. அதற்கு விஎச்எஃப் என்கிற இருவழி ரேடியோ, அதில் 16-வது சேனல். உரிமம் வேண்டும், கண்ணுக்கெட்டும் தூரத்துக்குத்தான் எடுக்கும். அதற்கும் அப்பால் போகிறவர்கள் இஸ்ரோ செயற்கைக்கோள் வழியே செய்தி வாங்கும் டிரான்ஸ்பாண்டரைப் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 2017-ல் ஒக்கி அடித்தபோது கடலுக்குள் இருந்தவர்களுக்குச் சேதி எட்டாததுதான் பெரிய சேதம். கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கவில்லை என்றால் வாக்குவாதம் செய்யாமல் வீட்டுக்குத் திரும்புங்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை வீட்டுப் பெண்களிடமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

"ரேடியோவை எடுத்தா பேட்டரி போடுற ஸ்பிரிங் பச்சை பூத்துக் கிடக்கு. வீசிடலாமா?" (தொண்டி)

வீசாதீர்கள். உப்புக்காற்றும் கட்டையின் கசிவும் சேர்ந்து செய்த வேலை அது. கசிந்த கட்டையைக் கையில் படாமல் எடுத்தெறிந்துவிட்டு, ஸ்பிரிங்கையும் எதிர்ப்பக்கத் தகட்டையும் காய்ந்த துணியால் துடைத்து, நைஸ் உப்புத்தாளால் பளபளப்புத் தெரியும்வரை லேசாகத் தேயுங்கள். பொடியை ஊதித் தள்ளிவிட்டு ஒரு பொட்டு வாசலின் தடவுங்கள். ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் மட்டும் கடைக்குக் கொடுங்கள், சின்னச் செலவுதான். தை பிறந்ததும் கட்டையைக் கழற்றித் தனிப் பையில் போட்டு வையுங்கள். புதுக் கட்டையோடு பழையதைக் கலக்க வேண்டாம். நாலு கட்டை போடும் செட்டில் ஒன்று மட்டும் கிழடாக இருந்தால் கசிவது அதுதான்.