வெள்ளத்தில் நின்ற லொறிக்குக் கியர் விழவில்லையா? கியர் பொக்ஸை இறக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: மாரி வெள்ளத்தின்போது எனது சிறிய டீசல் லொறி வெல்லாவெளியில் வீட்டு முற்றத்திலேயே மூன்று கிழமை அசையாமல் நின்றது. அரைச் சில்லுக்கு மேல் தண்ணீர். இப்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் கிளட்சை முழுதாக மிதித்தும் எந்தக் கியரும் விழவில்லை. கறகறவென்று சத்தம்தான் வருகிறது. எஞ்சினை நிறுத்தினால் எல்லாக் கியரும் சுலபமாக விழுகின்றன. கிளட்ச் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பெரும்போக அறுவடை நெருங்கிவிட்டது. வேறு வழி உண்டா?

பதில்: எஞ்சினை நிறுத்தினால் கியர் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. கியர் பொக்ஸுக்குள் பழுது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கிளட்ச் பிரியவில்லை, அவ்வளவுதான். ஏன் பிரியவில்லை என்று தெரியாமல் எதையும் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

எஞ்சினின் பின்னால் ஃபிளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரம் சுழல்கிறது. அதன்மேல் பிரஷர் பிளேட் பூட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட். கியர் பொக்ஸிலிருந்து வரும் தண்டில் அது கோக்கப்பட்டிருக்கிறது. பெடலில் கால் இல்லாதபோது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் அதை ஃபிளைவீலோடு இறுக்கிப் பிடிப்பதால் மூன்றும் ஒன்றாகச் சுழல்கின்றன. மிதித்தால், மாஸ்டர் சிலிண்டர் ஒயிலைத் தள்ளுகிறது. கியர் பொக்ஸ் பக்கத்திலுள்ள ஸ்லேவ் சிலிண்டர் கவை என்ற நெம்புகோலை நகர்த்துகிறது. கவை தள்ளும் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கை அழுத்த, பிடி தளர்கிறது. அப்போது பிளேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றர்கூட வராது. அதனால்தான் கொஞ்சம் ஒயில் கசிந்தாலும், கொஞ்சம் துரு பிடித்தாலும் கியர் விழ மறுக்கிறது.

முதலில் கிளட்ச் ஒயிலைப் பாருங்கள். அது இருக்கும் சிறு குப்பியில் மட்டம் குறைந்திருக்கிறதா? பெடலை ஐந்தாறு தரம் வேகமாக மிதித்த பிறகு கியர் விழுகிறதா? விழுந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கினால் உள்ளே ஈரம் தெரியும். இதைச் சரிசெய்யக் கியர் பொக்ஸில் கைவைக்கத் தேவையில்லை. இன்னொருவரை மிதிக்கச் சொல்லி, கவையைத் தள்ளும் கம்பி நகர்கிறதா என்று கீழே இருந்து பாருங்கள். அது தாராளமாக நகர்ந்தும் கியர் விழாவிட்டால், பிளேட் துருவால் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் லொறியில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள உங்கள் படுவான்கரையிலிருந்து ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் இப்படி வண்டிகள் வருகின்றன. ஒருமுறை கழற்றிப் பார்த்தபோது, ஃபிளைவீலின் முகத்தில் பிளேட்டின் வடிவம், அதன் வெட்டுக் கோடுகள் உட்பட, செந்நிற வளையமாக அப்படியே பதிந்திருந்தது.

ஒட்டியதைக் கழற்றாமலே பிரிக்கலாம். பிரேக்கும் தண்ணீரில் நின்றிருப்பதால் அதை முதலில் பரிசோதித்துவிடுங்கள். நியூட்ரலில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்துங்கள். பெடலை முழுதாக அழுத்தி, இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே ஒரு தடியை முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். சில வண்டிகளில் இதுவே போதும். போதாவிட்டால், ஆளில்லாத வெட்டைவெளிக்கு வண்டியைத் தள்ளிச் செல்லுங்கள். எஞ்சினை மறுபடி சூடாக்கி நிறுத்தி, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி உடனே பாய்ந்து கிளம்பும். முன்னால் ஒரு குழந்தையோ கன்றுக்குட்டியோ இருக்கக்கூடாது. கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தி அழுத்தி விடுங்கள். பிளேட் பிரிந்ததும் எஞ்சின் தனியாக உறுமும், வண்டி வேகம் இழக்கும். மூன்று நான்கு முறைக்கு மேல் முயல வேண்டாம். அதற்குப் பிறகும் பிரியாவிட்டால் உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள்: துருவை இளக்குவதாகச் சொல்லி கிளட்சை மூடியிருக்கும் உறையின் ஓட்டை வழியாக டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றுவது. அப்படி ஊற்றிய வான் ஒன்று என்னிடம் வந்தது. பிளேட் பிரிந்திருந்தது, உண்மைதான். ஆனால் எண்ணெயில் ஊறியதால் ஏற்றத்தில் வழுக்கியது. கருகிய நாற்றம் வந்தது. துருவோடு தப்பியிருக்க வேண்டிய பிளேட்டை எண்ணெய் கொன்றுவிட்டது.

பிரிந்த பிறகு சுமையில்லாமல் சில கிலோமீற்றர் ஓட்டினால் மிச்சத் துரு தேய்ந்து போகும். வண்டி எடுக்கும்போது நடுக்கம் தொடர்ந்தாலோ, மூன்றாம் கியரில் எஞ்சின் மட்டும் உறுமி வேகம் ஏறாவிட்டாலோ கழற்றத்தான் வேண்டும். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று கேட்டால், ரிலீஸ் பேரிங்கின் கிரீஸைத் தண்ணீர் கெடுத்திருக்கலாம். கியர் பொக்ஸ், டிஃபரென்ஷியல் ஒயில்களையும் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே மாற்றுங்கள்.

கழற்ற நேர்ந்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஃபிளைவீலின் முகத்தைத் தடவிப் பார்த்து, வரியோ நீலக் கறையோ இருந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். எஞ்சினின் பின் ஒயில் சீல் கசிந்தால் அதையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள்; பழைய பிளேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், அது நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாரியில் லொறியை நீண்ட நாள் நிறுத்த நேர்ந்தால், மேட்டில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, கிளட்ச் பெடலை அதே தடியால் அழுத்தி முட்டுக்கொடுத்துவிட்டுப் போங்கள்.