கேள்வி - பதில்: அரண்மனைச் சுவரும் உப்பங்காற்றும்

ராமநாதபுரம் அரண்மனை வைகைக் கரையில் கட்டியதா? இப்போது உள்ளே என்ன இருக்கிறது? (வாசகர், பரமக்குடி)

கரையில் இல்லை. வைகை வந்து நிறைக்கும் பெரிய கண்மாய் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிஞ்சும் தண்ணீர் ஆற்றங்கரை கிராமத்தருகே கடலில் கலக்கும். போகலூரில் இருந்த தலைநகரை இங்கே மாற்றியவர் சேதுபதி மன்னர்களில் ஒருவரான கிழவன் சேதுபதி. 1772இல் கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் விழுந்தது. 1798இல் கலெக்டர் ஜாக்சனைச் சந்திக்கக் கட்டபொம்மன் வந்ததும், பேச்சு கைகலப்பானதும் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம் என்ற மண்டபத்தில்தான்.

இன்று விலாசம் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வாள், ஈட்டி, வளரி எல்லாம் உண்டு. ஆனாலும் நேரம் குறைவென்றால் சுவரைப் பாருங்கள்: ராமாயணம், பாகவதம், தஞ்சை மராட்டியருடன் போர், ஐரோப்பியரைச் சேதுபதி சந்திக்கும் காட்சி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்க ஓவியங்கள், கை வைக்காதீர்கள்.

எங்கள் பழைய சுண்ணாம்புச் சுவரில் அடியிலிருந்து 3 அடிக்குச் சிமெண்டு பூசினோம். வெள்ளைப் பொடி பூத்து உதிர்கிறது. என்ன செய்யலாம்? (வாசகி, கீழக்கரை)

சிமெண்டுதான் காரணம். தரையின் உப்புத் தண்ணீரைச் சுவர் உறிஞ்சுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் வெளியேறிவிடும். சிமெண்டு அதை மறிக்கிறது. உப்பு பின்னால் படிகமாகி, பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் தள்ளுகிறது. ஈரம் மேலே ஏறி 4, 5 அடியிலும் தெரியத் தொடங்கும்.

ஈரக்கறைக்கு மேல் 1 அடி வரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். உளியை மெல்லத் தட்டுங்கள், செங்கல் உடையக் கூடாது. இணைப்புகளை 1 அங்குலம் ஆழம் சுரண்டுங்கள். வெள்ளைப் பொடியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள்; கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். சில வாரம் காயவிட்டு, மறுபடி பூத்தால் மறுபடி துடையுங்கள். அவசரப்படுபவர்களின் வேலை இங்கேதான் கெடுகிறது.

நீர்த்து ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய ஆற்றுமணல் இரண்டரை முதல் 3 பங்கு. கடல்மணலும் உவர்ப்பான போர்வெல் தண்ணீரும் வேண்டவே வேண்டாம், உப்பை நாமே பூசியதாகும். ஒரு கோட் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. முதல் கோட் இறுகிய பிறகே அடுத்தது. கச்சான் காற்றில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும், அதனால் மழை ஓய்ந்த தை, மாசியில் தொடங்கி ஒரு வாரமாவது நனைத்த சாக்கு தொங்கவிடுங்கள்.

மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பு 2, 3 கோட் போதும்.