ஆஸ்பிரின் ஐஆரில் 3400 அருகே வரும் மேடு

ஆஸ்பிரின் தயாரித்து ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தால் 3400 செ.மீ⁻¹ அருகே அகலமாக ஒரு பீக் வருகிறது, மூலப்பொருளான சாலிசிலிக் அமிலம் மிச்சமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கென்னவோ அது, சாம்பிளோடு கலந்து வில்லையாக அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு பொடி இழுத்த ஈரம் என்றுதான் படுகிறது. மழைக்காலத்தில் எங்கள் லேபிலும் இதே கூத்துதான். அந்தப் புரோமைடு பொடியை 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து, சாம்பிள் சேர்க்காத வெறும் வில்லை ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள்.

அதைவிட கார்போனைல் (C=O பிணைப்பு) பகுதிதான் முக்கியம். 1750, 1690 அருகே இரண்டு பீக் தனித்தனியாகத் தெரிந்தால் முன்னது எஸ்டர், பின்னது அமிலம், ஆஸ்பிரின் உருவாகிவிட்டது. 1660 பக்கம் தோள் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் சாலிசிலிக் இருக்கலாம். அப்புறமும் சந்தேகமா? சாம்பிளில் ஒரு துளி ஃபெரிக் குளோரைடு விடுங்கள், ஊதா வந்தால் மிச்சம் இருக்கிறது.