ஒரே க்வெரியில் விழும் சர்வர்: கேள்வி பதில்

கோத்தகிரி, தேயிலை ஃபேக்டரி: அண்ணா, சிறு விவசாயிகளுக்கு மாசக் கடைசியில பச்சை இலைக் கணக்கு முடிக்கிற ரிப்போர்ட் போட்டா மட்டும் எங்க டேட்டாபேஸ் சர்வர் போஸ்ட்கிரஸ் விழுது. எடை போடுற கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் கனெக்‌ஷன் போயிடுது. லாக்ல ‘டெர்மினேட்டட் பை சிக்னல் 9: கில்ட்’னு இருக்கு. ராம் 8 ஜிபி, ஷேர்ட்_பஃபர்ஸ் (எல்லாரும் பகிர்ற நினைவகம்) 2 ஜிபி, வொர்க்_மெம் 256 எம்பி. பதிப்பு 14ல இதே செட்டிங்தான், ஒழுங்கா ஓடுச்சு. 16க்கு மாத்தின பிறகுதான் தொல்லை.

சிக்னல் எண்ணோடு கேட்டீர்கள் தம்பி, பாதி வேலை முடிந்தது. 9 என்றால் போஸ்ட்கிரஸ் தானாக விழவில்லை, வெளியிலிருந்து கொல்லப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர்தான், நினைவகம் தீர்ந்தால் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும் காவலன். கெர்னல் லாகில் அதே நிமிடத்தில் ‘அவுட் ஆஃப் மெமரி’ வரி இருந்தால் உறுதி. ஒரு பேக்எண்ட் (ஒரு கனெக்‌ஷனைக் கவனிக்கும் பிள்ளை ப்ராசஸ்) இப்படிச் செத்தால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று தாய் ப்ராசஸ் மற்ற எல்லா பேக்எண்டையும் நிறுத்திவிட்டு மீட்பை ஓட்டும். எடைக் கம்ப்யூட்டர்கள் துண்டிக்கப்படுவது அதனால்தான்.

வொர்க்_மெம் என்பது ஒரு க்வெரிக்கான நினைவக அளவு என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஒவ்வொரு சார்ட்டுக்கும் (வரிசைப்படுத்தல்) ஒவ்வொரு ஹேஷுக்கும் (வரிகளைப் பொருத்த நினைவகத்தில் கட்டும் பட்டியல்) தனித்தனி, க்வெரியைப் பங்கு போட்டு ஓட்டும் ஒவ்வொரு பேரலல் வொர்க்கருக்கும் தனி. உங்கள் ரிப்போர்ட்டில் மூன்று ஹேஷும் ஒரு சார்ட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். க்வெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெயின் போட்டால் அதன் திட்டம் (ப்ளான்) வரும், சரியான எண்ணிக்கை தெரியும். அனலைஸ் சேர்க்காதீர்கள், சேர்த்தால் க்வெரி நிஜமாகவே ஓடி மறுபடி விழும். ஹேஷுக்கு வொர்க்_மெம்மைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்வது ஹேஷ்_மெம்_மல்டிப்ளையர், 14இல் அது 1. நான்கு முறை 256, அதாவது 1 ஜிபி. இரண்டு வொர்க்கரும் தலைமை ப்ராசஸும் சேர்ந்து 3 ஜிபி வரை போகலாம். 15இலிருந்து அந்த மல்டிப்ளையரின் இயல்பு மதிப்பு 2. ஹேஷ் ஒன்றுக்கு 512 எம்பி, மூன்றுக்கு 1536, சார்ட் 256, ஆக 1792 எம்பி. அதை மூன்றால் பெருக்கினால் 5.25 ஜிபி. ஷேர்ட்_பஃபர்ஸ் 2 ஜிபியைச் சேருங்கள், 8 ஜிபியில் என்ன மிச்சம்? அக்கவுண்ட்ஸில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரிப்போர்ட்டை அழுத்தினால் கேட்கவே வேண்டாம்.

பொது வொர்க்_மெம்மை 16 எம்பிக்கு இறக்குங்கள். ரிப்போர்ட்டுக்குத் தனி ரோல் (டேட்டாபேஸ் பயனர்) வைத்து, அதற்கு மட்டும் 128 எம்பி கொடுத்து, மேக்ஸ்_பேரலல்_வொர்க்கர்ஸ்_பெர்_கேதர் 0 ஆக்குங்கள், வொர்க்கர் இல்லாமல் ஓடும். அப்போது உச்சம் 896 எம்பி. ரிப்போர்ட் கொஞ்சம் மெதுவாகும், எடை நிற்காது. மாதக் கணக்குக்கு முன் இலை வரவு டேபிளில் ஒருமுறை அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள். எக்ஸ்ப்ளெயினோடு சேர்ப்பது வேறு, இது டேபிளின் புள்ளிவிவரம் எடுப்பது. வரி எண்ணிக்கையின் மதிப்பீடு தப்பினால் ப்ளானும் தப்பும்.

குன்னூர்: இவ்வளவு கணக்கு எதுக்கு சார்? இருக்கிற நினைவகத்துக்கு மேல தராதேன்னு லினக்ஸுக்குச் சொல்ற விஎம்.ஓவர்கமிட்_மெமரியை 2 ஆக்கினா கில்லரே வராதே.

நல்ல வழிதான். நினைவகம் கிடைக்காவிட்டால் அந்த ஒரு க்வெரி மட்டும் பிழை சொல்லி நிற்கும், மற்றவர்கள் தப்புவார்கள். ஆனால் வரம்பு ஸ்வாப்பும் (ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) ராமில் 50 சதவீதமும்தான். இந்தச் சதவீதம்தான் ஓவர்கமிட்_ரேஷியோ. 8 ஜிபி ராம், 2 ஜிபி ஸ்வாப் என்றால் 6 ஜிபி. ஷேர்ட்_பஃபர்ஸும் அதற்குள் அடக்கம். ஓவர்கமிட்_ரேஷியோவைப் பார்க்காமல் 2 போட்டால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) லாகினே மறுக்கப்படலாம்.

குன்னூர்: எங்க மெஷின்ல ஜாவா பில்லிங்கும் ஓடுது. 2 போட்டதும் அது ஸ்டார்ட்டே ஆகலை.

ஆகாது. ஜாவா முன்கூட்டியே பெரிய இடம் கேட்கும். உங்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, 2 வேண்டாம். டேட்டாபேஸைத் தனி மெஷினுக்கு மாற்றும்வரை வொர்க்_மெம் கணக்குதான் ஒரே காவல்.

அருவங்காடு: கில்லர் யாரைக் கொல்லணும்னு பார்க்கிற ஓஓஎம் ஸ்கோரை மைனஸ் 1000 வெச்சா போஸ்ட்கிரஸை யாரும் தொட முடியாதே?

தாய் ப்ராசஸுக்கு வையுங்கள், அவசியம். பிள்ளை ப்ராசஸ்களுக்கு 0 ஆகத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் கில்லர் வேறு எதையாவது பலி வாங்கும். தாய் தப்பினாலும் பிள்ளை 9 வாங்கினால் அதே மறுதொடக்கம்தான். இது க்வெரியைக் காப்பாற்றும் மருந்து அல்ல. இதே காரணத்தால் யாரும் கையால் ‘கில் -9’ போடாதீர்கள், ஒரு பேக்எண்டை முறையாக நிறுத்த பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் இருக்கிறது.

கூடலூர்: எங்க போஸ்ட்கிரஸ் லாக்ல சிக்னல் 11. ஜூலை மாச பில்லைத் தேடினா மட்டும் விழுது. அந்த மழையில கரண்ட் பலமுறை போச்சு.

11 என்றால் ப்ராசஸ் தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டு விழுந்திருக்கிறது. கெட்டுப்போன டேட்டாவும் இதற்குக் காரணமாகலாம். முதலில் சர்வரை நிறுத்தி, டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். நகல் இல்லாமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

பிறகு சர்வரை எழுப்பி, ஒரு செஷனில் மட்டும் எனேபிள்_இண்டெக்ஸ்ஸ்கேன், எனேபிள்_இண்டெக்ஸ்ஒன்லிஸ்கேன், எனேபிள்_பிட்மேப்ஸ்கேன் மூன்றையும் ஆஃப் செய்து அதே க்வெரியை ஓட்டுங்கள். விழாவிட்டால் சந்தேகம் இண்டெக்ஸ் (வரிகளைத் தேட உதவும் அட்டவணை) மேல். விழுந்தால் ஜேஐடியை (க்வெரியை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் வசதி) ஆஃப் செய்து இன்னொரு முறை. அப்போதும் விழுந்தால் டேபிளே கெட்டிருக்கலாம். வரிகளை எண்ணும் க்வெரி ஓடி, எல்லா நெடுவரிசைகளையும் எடுக்கும் க்வெரி விழுந்தால், கோளாறு வரிக்குள்ளோ டோஸ்ட்டிலோ (பெரிய மதிப்புகளைத் தனியே வைக்கும் இடம்) இருக்கிறது. எண்ணும்போது உள்ளே இருப்பதை அது பிரித்துப் பார்ப்பதில்லை. பதிப்பு 14 முதல் சிடிஐடி (வரி இருக்கும் பக்கமும் இடமும்) வரம்பு கொடுத்து ஆயிரம் ஆயிரம் பக்கமாகப் படிக்கலாம். விழும் துண்டைப் பாதி பாதியாகக் குறுக்கினால் அந்த ஒரு வரி அகப்படும். நல்ல வரிகளை காப்பி கட்டளை மூலம் புது சர்வருக்குக் கொண்டுபோங்கள்.

ஊட்டி, லாட்ஜ்: மைஎஸ்க்யூஎல் ‘சர்வர் ஹேஸ் கான் அவே’ங்குது. கிராஷா?

அப்டைம் (சர்வர் எழுந்து எவ்வளவு நேரமாகிறது) பாருங்கள். குறையவில்லை என்றால் சர்வர் விழவில்லை. ரூம் போட்டோ ஏற்றும்போது வந்தால், ஒரு தடவையில் அனுப்பக்கூடிய அளவின் வரம்பான மேக்ஸ்_அலவ்ட்_பாக்கெட். ராத்திரி சும்மா கிடந்த கனெக்‌ஷன் என்றால் வெயிட்_டைம்அவுட், இயல்பு 28800 நொடி.

கொடைக்கானல்: டாக்கர் கன்டெய்னர்ல போஸ்ட்கிரஸ். பெரிய க்வெரி போட்டா டிஸ்க்ல இடம் இல்லைன்னு வருது. 200 ஜிபி காலியா இருக்கே?

அது டிஸ்க் இல்லை, பகிர்ந்த நினைவகத்துக்கான டெவ்-எஸ்எச்எம். டாக்கரில் இயல்பு 64 எம்பி. எஸ்எச்எம்_சைஸ் 1 ஜிபி கொடுங்கள்.

ஊட்டி: க்வெரி போட்டா சர்வர் விழுது. என்ன செய்ய?

லாக் எங்கே? சிக்னல் எண் எங்கே? மேலே கோத்தகிரிக்குச் சொன்னதைப் படித்துவிட்டு வாருங்கள்.

பந்தலூர்: எங்களுக்கும் விழுது சார். லாக் பார்க்கலை.

பாருங்கள். பார்க்காமல் பதில் இல்லை.

குன்னூர்: எஸ்க்யூஎல் சர்வர்ல இதே மாதிரி...

என் துறை இல்லை. எரர்லாக் ஃபோல்டரில் உள்ள டம்ப்போடு, அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கோத்தகிரி: மைஎஸ்க்யூஎல்ல டேட்டா கெட்டாலும் சர்வரை எழுப்புற இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெக்கவரி 6 வைக்கச் சொன்னாங்க.

நகல் எடுத்தீர்களா? 1இலிருந்து ஒவ்வொன்றாக ஏறுங்கள். எந்த எண்ணில் சர்வர் எழுகிறதோ அங்கேயே டேட்டாவை டம்ப் (ஏற்றுமதி) எடுங்கள். 4, அதற்கு மேல் டேட்டாவை நிரந்தரமாகக் கெடுக்கலாம்.

கூடலூர்: இண்டெக்ஸ் ஆஃப் பண்ணினா விழலை அண்ணா. நகலும் எடுத்தாச்சு.

அப்படியென்றால் ரீஇண்டெக்ஸ், அதாவது இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டுங்கள். அது யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாதது) என்றால், இண்டெக்ஸ் ஆஃபில் இருக்கும்போதே இரட்டை பில் எண்களைத் தேடுங்கள். இருந்தால் ரீஇண்டெக்ஸ் நடுவில் நின்றுவிடும். முடிந்ததும், கெட்ட இடங்களைச் சோதிக்கும் பிஜி_ஆம்செக்கை முழு டேட்டாபேஸிலும் ஓட்டுங்கள். எழுதியது டிஸ்க்கில் சேர்ந்ததை உறுதிசெய்யும் எஃப்சிங்க் ஆஃபில் இருந்தால் இன்றே ஆன் செய்யுங்கள். யூபிஎஸ் பேட்டரியையும் மாற்றுங்கள்.